சந்தைக்குப் போன பிறகுதான் மெனு: கோடை வார இறுதியின் இரவுச் சாப்பாடு

வார இறுதிக்கு என்னென்ன சமைப்பது என்று வீட்டில் உட்கார்ந்து எழுதி, அந்தச் சீட்டோடு கடைக்குப் போவது மற்ற பருவங்களில் ஓரளவு சரிவரும். கோடையில் சரிவராது. கோடைக் காய்களின் வரத்து வாரத்துக்கு வாரம் மாறும். போன வாரம் குவிந்து கிடந்த பீன்ஸ் ஒரு பெருமழைக்குப் பிறகு கால்வாசிகூட வராது. அந்த இடத்தில் வெள்ளரி கொட்டிக் கிடக்கும். சீட்டில் பீன்ஸ் என்று எழுதியவர் நார் ஏறிய பீன்ஸை இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கிக்கொண்டு, பக்கத்தில் இளசாக, மலிவாக இருக்கும் வெள்ளரியைத் தாண்டிப் போவார். போதாததற்குத் தள்ளுபடி அட்டையைப் பார்த்து ஆசைப்பட்டு, சீட்டில் இல்லாத இரண்டையும் கூடையில் போட்டுக்கொள்வார். ஞாயிறு இரவு ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் அழுகிக் கிடப்பது அந்த இரண்டும்தான்.

எனவே சீட்டில் உணவின் பெயர் வேண்டாம், கட்டங்கள் போதும். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் நான்கு கட்டம்: வயிற்றை நிரப்புவது, புரதம், வேகவைக்கும் காய், பச்சையாகத் தின்பது. மொத்தம் பன்னிரண்டு. கடைக்குக் கிளம்பும் முன் அலமாரியிலும் ஃப்ரீசரிலும் இருப்பதைக் கொண்டு நிரப்பக்கூடிய கட்டங்களை நிரப்பிவிடுங்கள். அரிசி, மாவு, பருப்பு, பயறு, முட்டை என்று பார்த்தால் ஐந்தாறு கட்டம் செலவில்லாமல் நிரம்பும். மிச்சமிருக்கும் ஆறேழு கட்டங்களைத்தான் சந்தை நிரப்ப வேண்டும். கட்டம் தீர்ந்தால் வாங்குவதும் தீர்ந்தது. எவ்வளவு பெரிய தள்ளுபடியானாலும் உட்காரக் கட்டம் இல்லையென்றால் அது நமக்கான தள்ளுபடி இல்லை. ஒரே விதிவிலக்கு ஃப்ரீசரில் போடக்கூடிய பொருள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அளவு

பெரியவர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு, வாங்கும் எடையில் 250 கிராம் காய் போதும். அதில் 150 கிராம் வேகவைக்க, 100 கிராம் பச்சையாக. நான்கு பேர், மூன்று இரவு என்றால் 3 கிலோ. கூடையில் 3 கிலோ ஏறியதும் நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த எண்ணை மனதில் வைக்காமல் போனால் சாதாரணமாக 5 கிலோ வந்துவிடும். கீரை மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அரை கிலோ இலை வதங்கினால் இரண்டு கப்புக்குள் அடங்கிவிடும், ஆகவே ஆளுக்கு 150 முதல் 200 கிராம் தனியாக வைக்கலாம். சோளக்கதிர் ஆளுக்கு ஒன்று. ஒரு கதிரிலிருந்து ஏறக்குறைய 100 கிராம் முத்து உதிரும்.

அரிசி ஆளுக்கு 75 கிராம். காய்ந்த பயறு 50 கிராம். ஊறி வெந்தால் இரண்டரை மடங்கு எடை ஏறும். பழம், கழிவு போக ஆளுக்கு 150 கிராம். தர்பூசணியில் தோல் போக அறுபது சதவீதம்தான் தேறும் என்பதால் நான்கு பேருக்கு மூன்று இரவுக்கு 3 கிலோ பழம் சரியாக இருக்கும். ஏழு கிலோப் பழத்தை மலிவு என்று தூக்கி வந்தால் பாதி ஃப்ரிட்ஜை அதுவே அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொள்வதோடு போகாது. கோடையில் ஃப்ரிட்ஜுக்குள் காற்று ஓட இடமில்லாவிட்டால் உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இறங்காது. பாலும் மீனும் அதற்கு விலை கொடுக்கும்.

எதை எந்த இரவுக்கு

முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது. ருசியைப் பார்த்தோ விருந்தாளியைப் பார்த்தோ வரிசை போடக் கூடாது. எது முதலில் கெடுமோ அது முதலில் வேக வேண்டும்.

வெள்ளி இரவு: கீரை, மென்மையான இலைகள், சோளக்கதிர், மீன், வெடித்த தக்காளி, நுனி கருக்கத் தொடங்கிய வெண்டை. சனி இரவு: பீன்ஸ், கத்தரி, சுக்கினி (வெள்ளரி போலிருக்கும் பூசணி வகைக் காய்), வெள்ளரி, கோழி. ஞாயிறு இரவு: முட்டைக்கோஸ், கேரட், பூசணி, வெங்காயம், உருளை, வெள்ளிக்கிழமை அரைப்பழமாக வாங்கிய தக்காளி, பயறு, முட்டை. ஞாயிறன்று கோழி வேண்டும் என்பவர்கள் வாங்கிய அன்றே ஃப்ரீசரில் போட்டு, சனி இரவு ஃப்ரிட்ஜின் அடித்தட்டுக்கு இறக்கிவைக்கலாம். பச்சைக் கோழியும் மீனும் ஃப்ரிட்ஜில் ஓரிரு நாள்தான் தாங்கும். சமையல் மேடையில் வைத்து உருகவிடும் பழக்கத்தைக் கோடையில் அறவே விட வேண்டும். நடுவில் ஐஸ் இருக்கும்போதே மேற்பரப்பு அறைச் சூட்டுக்கு வந்துவிடும்; கிருமி பெருகுவது அங்கேதான்.

சோளத்தை ஏன் முதல் நாளே என்றால், கதிரை ஒடித்த நொடியிலிருந்து அதன் சர்க்கரை மாவாக மாறத் தொடங்குகிறது. சூடு கூடக் கூட வேகம் கூடும். வெயிலில் குவித்து வைத்த கதிர் ஒரு நாளிலேயே சப்பென்று ஆகிவிடும். குளிரில் வைத்தால் இந்த மாற்றம் மிகவும் மந்தம். இப்போது வரும் அதியினிப்பு ரகங்கள் நான்கைந்து நாள் தாங்கும் என்றாலும், கடையில் எந்த ரகம் என்று பெரும்பாலும் தெரியாது. மேல்மட்டை பச்சையாக, ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடிக்காம்பு வெட்டிய இடம் காய்ந்து பழுப்பேறியிருந்தால் பழைய கதிர். மட்டையை உரித்துப் பார்க்காமல் நுனியை வெளியிலிருந்தே அழுத்திப் பாருங்கள். குண்டாக இருந்தால் முத்து நிறைந்திருக்கிறது. கூர்மையாகக் குழைந்தால் நுனி காலி. உரித்துப் பார்த்துத் திரும்பப் போட்டால் அடுத்தவருக்குக் காய்ந்த கதிர் கிடைக்கும்.

வாங்கும்போது

பருவத்தின் தொடக்கத்தில் வரும் காய் விலை கூட, ருசி சுமார். முடிவில் வருவது மலிவாக இருந்தாலும் முற்றல். நடுவில் இரண்டு மூன்று வாரம் விலை சரிந்து கிடக்கும்போதுதான் ருசியும் உச்சத்தில் இருக்கும். அந்த நடுப்பகுதியை அடையாளம் காணக் காலண்டர் வேண்டாம், கடையைப் பார்த்தாலே தெரியும். பொட்டலத்தில் இருந்த பொருள் உதிரியாகக் குவிக்கப்படும். ஒரே காயைப் பல வியாபாரிகள் வைத்திருப்பார்கள். சின்னது, பெரியது என்று தரம் பிரித்து இரண்டு விலை வரும். அடிபட்டதைத் தனிக் கூடையில் தள்ளியிருப்பார்கள். நான்கும் சேர்ந்து தெரிந்தால் அந்தக் காய்க்கு இரண்டு கட்டம் கொடுக்கலாம்.

வெண்டை, வெள்ளரி, சுக்கினி, பீன்ஸ் நான்கும் விடாமல் பறித்தாக வேண்டிய காய்கள். பறிக்காமல் விட்டால் காய் ஓரிரு நாளில் பருத்து, விதை முற்றி, செடியும் காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும். எனவே விடுமுறை முடிந்த மறுநாளோ, பறிக்க முடியாத மழைக்கு அடுத்த நாளோ வரும் காய் அளவில் பெரிதாகவும் விலையில் மலிவாகவும் இருக்கும். அது ஏமாற்று மலிவு. வெண்டையின் நுனியை ஒடித்துப் பாருங்கள் (கடைக்காரர் முறைத்தால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்). பட்டென்று உடைந்தால் இளசு, வளைந்தால் நார். பீன்ஸும் அப்படியே. வெள்ளரியில் நடுவயிறு பருத்து மஞ்சள் ஓடியிருந்தால் உள்ளே விதைதான். சுக்கினி உள்ளங்கை நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதுவரை சரி. அதற்கு மேல் போனால் தண்ணீர். என்னைக் கேட்டால், எல்லோரும் கொண்டாடும் அளவுக்கு அது பெரிய காயும் இல்லை. மலிவாகக் கிடைக்கும்போது கட்டம் நிரப்ப உதவும்.

தர்பூசணி பறித்த பிறகு பழுக்காது. அளவுக்கு மீறிய கனமும், மண்ணில் கிடந்த பக்கம் வெள்ளையாக இல்லாமல் வெண்ணெய் மஞ்சளாக இருப்பதும்தான் நம்பத்தக்க அடையாளம். தட்டிப் பார்க்கும் வித்தை பழகிய காதுக்கு மட்டும். திராட்சை, அன்னாசி, ஸ்ட்ராபெரி, செர்ரியும் இந்த வகை; கடையில் புளித்தால் வீட்டிலும் புளிக்கும். மா, பீச், பிளம், வாழை, தக்காளி வீட்டில் பழுக்கும். ஆகவே இவற்றில் வெள்ளிக்கு ஒரு பழம் முழுப் பழுப்பு, ஞாயிறுக்கு ஒரு பழம் அரைப் பழுப்பு என்று கலந்து எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பழுப்பில் எடுத்தால் எல்லாம் ஒரே நாளில் குழைந்து நிற்கும்.

திறந்த சந்தையில் நல்ல சரக்கு காலையில், நல்ல விலை மூடும் நேரத்தில். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. வெள்ளி இரவே சமைக்கப்போகும் பொருளை மூடும் நேரத்தில் வாங்கலாம்; ஞாயிறுவரை இருக்க வேண்டியதைக் காலையில்தான் வாங்க வேண்டும். பகலெல்லாம் வெயிலில் கிடந்த கத்தரி இரண்டு நாள் தாங்காது. கடையில் கடைசியாக எடுக்க வேண்டியது மீன், இறைச்சி, பால். ஐஸ் கட்டி போட்ட பையோடு போவது நல்லது. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அரை மணி நேரம் கிடந்தால் ஃப்ரிட்ஜில் ஒரு நாள் ஆயுள் போனது என்று வைத்துக்கொள்ளலாம்.

தள்ளுபடியின் கணக்கு

அட்டையில் இருக்கும் வாசகத்தைச் சதவீதமாக மாற்றிப் பார்க்கப் பழகினால் பாதி மயக்கம் தெளியும். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது 50 சதவீதக் குறைவு. ‘இரண்டு விலைக்கு மூன்று’ 33. ‘50 சதவீதம் கூடுதல்’ என்பதும் 33தான், 50 அல்ல. ‘இரண்டாவது பாதி விலை’ வெறும் 25. இதோடு வீணாவதையும் கழிக்க வேண்டும். இரண்டு விலைக்கு மூன்று வாங்கி ஒன்று அழுகினால் லாபம் பூஜ்யம். இரண்டாவது பாதி விலையில் வாங்கி, மொத்தத்தில் கால்பங்கு போனாலே முழு விலை கொடுத்ததாக ஆகிறது. கெடும் பொருளுக்கு 25 சதவீதத் தள்ளுபடி என்றால் பெரும்பாலும் தாண்டிப் போய்விடலாம். ‘நான்கு இவ்வளவு’ என்று எழுதியிருந்தால் ஒன்று எடுத்தாலும் அதே விகிதத்தில் விலை போடும் கடைகள் உண்டு, போடாத கடைகளும் உண்டு. சின்ன எழுத்தில் இருக்கும், படித்துவிட்டு எடுங்கள்.

அடுத்தது கிலோ விலைக்கும் தின்னும் விலைக்கும் உள்ள வித்தியாசம். காசு எந்த நாட்டுக் காசானாலும் கணக்கு ஒன்றே. தோலோடு பட்டாணி கிலோ 60 என்று வைப்போம். உரித்தால் 400 கிராம் தேறும். அப்படியானால் உரித்த பட்டாணி கிலோ 150. பக்கத்தில் உறைந்த பட்டாணி கிலோ 120 என்றால் அதுதான் மலிவு; உரிக்கும் நேரமும் மிச்சம். பீன்ஸில் காம்பும் நுனியும் மட்டுமே போவதால் அட்டையில் இருக்கும் விலையே கிட்டத்தட்ட உண்மை விலை.

முழுத் தர்பூசணியா, வெட்டிய துண்டா என்பதிலும் இப்படியே. கிலோ 20 வீதம் 6 கிலோப் பழம் 120. தேறுவது 3.6 கிலோ, எல்லாம் தின்றால் கிலோ 33 ஆகிறது. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் 2 கிலோ தின்று மிச்சத்தைக் கொட்டினால் தின்றது கிலோ 60. வெட்டித் தோல் நீக்கிய துண்டு கிலோ 50க்குக் கிடைத்தால் சின்னக் குடும்பத்துக்கு அதுவே லாபம். வெட்டிய பழம் ஐஸ் மீதோ குளிர்ப்பெட்டிக்குள்ளோ இருந்தால் மட்டும் வாங்குங்கள். தர்பூசணி, முலாம்பழம் போன்றவற்றின் சதையில் புளிப்பு இல்லாததால் கிருமி வேகமாகப் பெருகும். முழுப் பழமாக வாங்கினாலும் வெட்டும் முன் தோலைக் கழுவித் தேய்க்க வேண்டும், முலாம்பழத்தின் சொரசொரப்பான தோலை முக்கியமாக. இல்லாவிட்டால் தோலில் இருக்கும் அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

வாசலில் வைத்து அடிமாட்டு விலைக்கு விற்கும் பொருள் பலசமயம் கடைக்கு நஷ்டம்தான். ஆளை உள்ளே இழுக்கவே அந்த விலை. சாலட் இலை பாதி விலை, அதன்மேல் ஊற்றும் சாஸும் சீஸும் பக்கத்திலேயே முழு விலை. அந்த ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வருவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

தேதி நெருங்கியதால் விலை குறைத்த சரக்கில் இரண்டு வகைத் தேதி இருக்கும். தரம் குறையத் தொடங்கும் தேதியைத் தாண்டினால் பிஸ்கட் நமுக்கும், அவ்வளவுதான். பயன்படுத்தியாக வேண்டிய கடைசித் தேதி என்று மீனிலும் இறைச்சியிலும் போட்டிருப்பது வேறு. அன்றே சமைக்க வேண்டும் அல்லது அன்றே உறைய வைக்க வேண்டும். அடிபட்ட காய்க் கூடைக்கும் விதி உண்டு. கன்றிய இடத்தை வெட்டி எறிந்துவிட்டுச் சமைக்கலாம். பூஞ்சை பிடித்தது தக்காளி, வெள்ளரி, பீச் போல நீர்ச்சதையுள்ளதாக இருந்தால் முழுதாக எறிய வேண்டும், பூஞ்சையின் இழை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். கேரட், முட்டைக்கோஸ் போன்ற கெட்டிக் காய்களில் பூஞ்சையைச் சுற்றிலும் 2.5 சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம்.

வீட்டுக்கு வந்ததும்

எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் தள்ளுவதுதான் கோடையில் அதிகம் நடக்கும் தவறு. கோடைக் காய்களில் பல வெப்பநாட்டுச் செடிகளில் காய்ப்பவை; கடுங்குளிர் அவற்றுக்கு ஆகாது. தக்காளி 12 டிகிரிக்குக் கீழே போனால் பழுப்பது நின்று மணமும் மங்கும். கத்தரி 10க்குக் கீழே சில நாள் இருந்தால் தோலில் குழி விழும், உள்ளே விதை கறுக்கும். வெள்ளரி நாலைந்து நாளில் கண்ணாடி போல நீர்கோத்துக் குழையும். பேசில் இலை ஓர் இரவிலேயே கறுத்துவிடும். கொத்தமல்லி, புதினாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. தண்டைத் தண்ணீரில் நிறுத்தி, மேலே பையைக் கவிழ்த்து, ஃப்ரிட்ஜில் வைக்கலாம்.

அறையே 35 டிகிரி கொதிக்கும்போது வெளியே வைத்தாலும் கெடும் அல்லவா? கெடும். எனவே இப்படிப் பிரிக்கலாம். அரைப்பழத் தக்காளி வெளியே, காம்புப் பக்கம் கீழாக, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல். முழுதும் பழுத்துவிட்டால் இரண்டு நாள் ஃப்ரிட்ஜ். வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன் வெளியே எடுக்க வேண்டும். கத்தரி, வெள்ளரி, வெண்டையைத் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜின் கதவு ஓரமாக, மேல்தட்டில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிட வேண்டும். பீச் பழத்தில் இன்னொரு விசித்திரம்: காயாக ஃப்ரிட்ஜில் வைத்தால் சாறு வற்றி மாவுபோல் ஆகும், பிறகு வெளியே எடுத்தாலும் திருந்தாது. வெளியே பழுக்கவைத்து, பழுத்த பிறகு குளிரில் வைக்கலாம்.

பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். மா, வாழை, ஆப்பிள், முலாம்பழம் இவற்றோடு வெள்ளரியும் கீரையும் பீன்ஸும் ஒரே பெட்டியில் இருந்தால் அவை சீக்கிரம் மஞ்சளாகும். ஃப்ரிட்ஜில் இரண்டு காய்ப்பெட்டி இருந்தால் ஒன்று பழத்துக்கு, ஒன்று இலைக்கும் காய்க்கும். கீரையைக் கழுவாமல், வாடிய இலையைப் பொறுக்கிவிட்டு, காய்ந்த துணியில் சுருட்டி வைக்க வேண்டும். தண்ணீர் தங்கினால்தான் கொழகொழப்பு வரும். வெறுமனே துவண்டு போனதை ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டால் நிமிரும். கொழகொழத்தது நிமிராது, நாற்றம்தான் வரும்.

அடுப்பைக் குறைப்பது

சனி, ஞாயிறு இரண்டு இரவுக்கும் சேர்த்து அடுப்பு வேலையைச் சனிக்கிழமை காலை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். ஒரு குக்கரில் பயறு, ஒன்றில் உருளையும் முட்டையும். இன்னொரு அடுப்பில் பெரிய பாத்திரம் தண்ணீர் கொதிக்கட்டும். அதில் பீன்ஸ், பிறகு வெள்ளியன்று மிஞ்சிய கீரை என்று அடுத்தடுத்துப் போட்டு எடுக்கலாம், கீரை கடைசியில், ஏனென்றால் அதன் பிறகு அந்தத் தண்ணீர் எதற்கும் உதவாது. எல்லாம் ஆறி ஃப்ரிட்ஜுக்குப் போனால், இரவில் மிஞ்சும் வேலை ஒரு வதக்கல் அல்லது ஒரு தாளிப்பு, பத்து நிமிடம்.

பயறு ஊறவைப்பதில் ஒரு எச்சரிக்கை. எட்டு மணி நேரம் கோடைச் சமையலறையில் ஊறினால் தண்ணீர் நுரைத்துப் புளித்துவிடும். இரவு ஃப்ரிட்ஜுக்குள் ஊறவையுங்கள். சிவப்பு ராஜ்மாவைச் சூடு தெரியாமல் சமைக்கிறேன் என்று மெதுவாக வேகும் மின்சாரப் பானையில் நேராகப் போடக் கூடாது. அதிலுள்ள நச்சுப் புரதம் குறைந்த சூட்டில் அழியாது. குக்கரிலோ தளதளவென்று கொதிக்கும் தண்ணீரிலோ வேக வேண்டும்.

பச்சைக் காய்க் கிண்ணத்தில் தப்பாவது எப்போதும் தண்ணீரால்தான். வெள்ளரியை நறுக்கி, கிலோவுக்கு 10 கிராம் உப்புப் பிசிறி, அரை மணி நேரம் வடிதட்டில் வைத்துப் பிழிந்தால் தயிரில் போட்டாலும் நீர்க்காது. பிறகு தனியாக உப்புத் தேவைப்படாது. தக்காளியில் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். உப்பிட்டு வழியும் சாற்றைக் கொட்டாமல், அதிலேயே எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்தால் அதுதான் சாஸ். அளவு, எண்ணெய் இரண்டு பங்குக்குப் புளிப்பு ஒரு பங்கு. கோடையில் நாக்கு புளிப்பைக் கூடக் கேட்கும். இலையில் மட்டும் தட்டு வைக்கும் நேரத்தில்தான் ஊற்ற வேண்டும்.

கத்தரி எண்ணெய் குடிக்கும் என்று பலர் அதைக் கோடையில் ஒதுக்குகிறார்கள். அதன் சதை முழுக்கக் காற்றறை. பச்சையாக வாணலியில் விழுந்தால் அந்த அறையெல்லாம் எண்ணெய் நிரம்பும். நறுக்கிய துண்டை முதலில் ஐந்து நிமிடம் ஆவியிலோ மைக்ரோவேவிலோ வாட்டினால் அறைகள் சரிந்துவிடும்; அதன் பிறகு அரை கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் பொன்னிறமாகும்.

மிச்சம்

சமைத்தது அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் காயும் நாளில் ஒரு மணி நேரம்தான். மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடும் வழக்கமுள்ளவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். பேச்சு முடிய இரண்டு மணி நேரம் ஆகும். வெந்த சோறு இதில் தனி ஆபத்து. வேகும் சூட்டையும் தாங்கி நிற்கும் பாக்டீரியா வித்துகள் அதில் இருக்கும். ஆறும்போது அவை முளைத்து நஞ்சை விட்டால், மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பாத்திரத்தோடு ஆறவிடாமல், 5 சென்டிமீட்டர் உயரத்துக்குள் தட்டையாகப் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். சுடச்சுட வைத்தால் ஃப்ரிட்ஜ் கெடும் என்று மேடையிலேயே இரவு முழுக்க விடுவதைவிட, வெதுவெதுப்பாகவே உள்ளே வைப்பது எவ்வளவோ மேல்.

இனி ஃப்ரீசர். கட்டம் இல்லாமலும் வாங்கலாம் என்று சொன்னது பீன்ஸ், சோளம், பட்டாணி, கீரை, வெண்டை, தக்காளி, மா இவற்றுக்கு மட்டும். காயில் இருக்கும் நொதிகள் உறைந்த பிறகும் மெல்ல வேலை செய்து நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும். கொதிநீரில் முக்கி எடுப்பது அவற்றை நிறுத்தத்தான். பீன்ஸ் 3 நிமிடம், சிறு வெண்டை 3, கீரை 2, பட்டாணி ஒன்றரை. சோளத்தைக் கதிரோடு 4 நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு முத்தைச் சீவ வேண்டும். சீவிவிட்டு வேகவைத்தால் பால் எல்லாம் தண்ணீரோடு போய்விடும். எவ்வளவு நேரம் கொதிநீரோ அவ்வளவு நேரம் ஐஸ் நீர். துடைத்து, தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி உறைய வைத்து, கல்லானதும் பையில் போட்டுக் காற்றை அமுக்கி எடுத்துக் கட்டுங்கள். நேராகப் பையில் கொட்டினால் ஒரே பாறையாகி, கால் கிலோ தேவைப்படும் நாளில் இரண்டு கிலோவையும் உருக்க வேண்டிவரும்.

தக்காளிக்கு இந்த வேலை எதுவும் வேண்டாம். கழுவி, காம்புக்குழியை நோண்டி, முழுதாகப் போட்டால் போதும். பிறகு குழாய்த் தண்ணீரில் காட்டினால் தோல் தானாகக் கழன்றுவரும்; குழம்புக்கும் சூப்புக்கும்தான் ஆகும், பச்சையாகத் தின்ன ஆகாது. மாம்பழத்தைத் தோல் நீக்கித் துண்டுகளாக, அதே ஒற்றை அடுக்கு முறையில். வெள்ளரியும் சாலட் இலையும் உறைந்து உருகினால் வெறும் நீர்க்கூழ். பையின்மேல் பெயர், தேதி, எடை மூன்றையும் எழுதுங்கள், எடை முக்கியம். அடுத்த வெள்ளிக்கிழமை கட்டம் போட உட்காரும்போது ‘பீன்ஸ் 600 கிராம்’ என்று தெரிந்தால் ஒரு கட்டம் அப்போதே நிரம்பிவிடும்.